ஓடிப்போச்சுல்ல, அப்புறம் என்ன? (ரெயின்டீர் ரீல் பற்றி ஒரு நீண்ட இழை)

1/
மூணு நாளா ஒரு ரீல் எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்திட்டு இருக்கு. வெள்ளை வெளேர்னு பனி. மேல ட்ரோன். கீழ ஒரு ரெயின்டீர் மந்தை ஓடுது, திரும்புது, மறுபடி ஓடுது. ட்ரோன் விடாம பின்னாடியே போகுது. மாஸ் பிஜிஎம். மேல எழுத்து: "சோறு இல்ல, ரெஸ்ட் இல்ல, ஆனா ஃபுல் மசில். கெத்துப் பசங்க." எனக்கு மட்டும் ஆறு பேர் அனுப்பிட்டாங்க.

2/
கமெண்ட்ல ஒரு பொண்ணு கேட்டிருந்தாங்க: "பாவம், பயந்து ஓடுற மாதிரி இருக்கே?" வீடியோ போட்ட தம்பியோட பதில்: "ஓடிப்போச்சுல்ல, அப்புறம் என்ன? ஓடுறதுக்குன்னே பொறந்த மான் அது." அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு எமோஜி.

இந்த இழை அந்த ஒரு வரிக்கான பதில். பேர் சொல்லப் போறதில்ல. தயவுசெஞ்சு யாரும் தேடிப் போய் திட்டவும் வேண்டாம். அந்த வரி அவரோடது மட்டும் இல்ல, நம்மள்ல நிறைய பேர் மனசுல இருக்கறதுதான்.

3/
முதல்லயே சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்ல. எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். ஆனா தசை சுருங்கற வேதியியல் மனுஷன் தொடையிலயும் மான் தொடையிலயும் ஒண்ணுதான். வித்தியாசம், எரிபொருள் எங்கிருந்து வருது, தீர்ந்தா எவ்வளவு நாள்ல திரும்ப நிரம்புதுங்கறதுல இருக்கு. இந்த இழை முழுக்க அதைப் பத்திதான்.

4/
எந்த மான்னு தெரிஞ்சுக்கணும். உலகத்துல இருக்கற ரெயின்டீர்ல பெரும் பகுதி மந்தையா மேய்க்கப்படறது. வட நார்வேல இருக்கறதெல்லாம் சாமி மக்களோட சொத்து. நம்ம ஊர் ஆட்டுக்கிடை மாதிரி, ஒவ்வொரு மானுக்கும் காதுல வெட்டுக்குறி போட்டு உரிமையாளர் உண்டு.

தென் நார்வே மலைகள்ல இருக்கறது காட்டு ரெயின்டீர். ஹார்டாங்கர்விடா, ரொண்டானே, டோவ்ரேஃபியெல். மொத்தமே சுமார் 25,000 தான். வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்ட் தீவுகள்ல குட்டைக் காலோட தனி உள்ளினம் ஒண்ணு இருக்கு.

5/
ரீல்ல "நார்வே"ன்னு மட்டும் போட்டிருக்கு. வடக்குன்னா அடுத்தவங்க வாழ்வாதாரத்தைத் துரத்தியிருக்காரு. தெற்குன்னா ஐரோப்பாவோட கடைசி மலைக் காட்டு மந்தைகள்ல ஒண்ணைத் துரத்தியிருக்காரு. ரெண்டுல எதுன்னாலும் சிரிக்க ஒண்ணும் இல்ல. கீழே சொல்றதெல்லாம் காட்டு மானை மனசுல வச்சு.

6/
இப்ப தசை. எளிமையா சொல்றேன். கோழிக்கறி வாங்கறீங்க. லெக் பீஸ் கருஞ்சிவப்பா இருக்கு, மார்புக்கறி வெள்ளையா இருக்கு. ஏன்?

கோழி நாள் முழுக்க நிக்குது, நடக்குது. காலுக்கு நிதானமா, ரொம்ப நேரம் வேலை செய்யற நார் வேணும். மார்புத் தசை எப்பவாவது படபடன்னு ஒரு தாவு தாவறதுக்கு மட்டும். அது வேகமா சுருங்கும், சீக்கிரம் களைச்சுப் போகும். நாள் முழுக்கப் பறக்கற புறாவோட மார்புக்கறியைப் பாருங்க, அது கருஞ்சிவப்பு.

7/
தசை நார்ல முக்கியமா மூணு வகை.

முதல் வகை: மெதுவா சுருங்கும், களைக்காது. கொழுப்பை ஆக்ஸிஜனோட சேர்த்து எரிக்கும். சிவப்பு நிறம் மயோகுளோபின்ங்கற புரதத்தால.

இரண்டு-ஏ: வேகமாவும் சுருங்கும், ஆக்ஸிஜனையும் நல்லா பயன்படுத்தும். நடுவாந்திரம்.

இரண்டு-எக்ஸ்: ரொம்ப வேகம். ஆனா பெரும்பாலும் கிளைக்கோஜன்ங்கற சேமிப்புச் சர்க்கரையை நம்பி இருக்கு. அது தீர்ந்தா கதை முடிஞ்சது.

8/
நடக்கும்போது உடம்பு முதல் வகையை மட்டும் எழுப்பும். ஓட ஆரம்பிச்சா இரண்டு-ஏ சேரும். உயிருக்குப் பயந்து ஓடும்போதுதான் இரண்டு-எக்ஸ் முழுசா களத்துல இறங்கும். நடைக்குக் கொழுப்பு, பயத்துக்குக் கிளைக்கோஜன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

9/
1980-கள்ல ஸ்வீடன்ல பிர்கிட்டா எஸ்ஸென்-குஸ்தாவ்சன், கிளேஸ் ரேபிண்டர் ரெண்டு பேரும் ரெயின்டீர் தசையை எடுத்து ஆராய்ஞ்சாங்க. மந்தை மான்கள்தான், ஆனா தசையோட அடிப்படை அமைப்பு ஒண்ணுதான். அதுல தெரிஞ்சது, இந்த மானோட தசைக்கு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி எரிக்கற திறன் அதிகம், கொழுப்பை எரிபொருளாக்கற திறனும் அதிகம்.

அதாவது இது நடைக்குக் கட்டின உடம்பு. பனியில, மேட்டுல, மேய்ச்சல் தேடி நாள் கணக்கா நடக்கறதுக்கு.

10/
"அப்ப ஓடாதா?" ஓடும். அருமையா ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல போகும். ஓடத் தெரியுமாங்கறது கேள்வியே இல்ல. என் தெருவுல எல்லார்கிட்டயும் கிரெடிட் கார்டு இருக்கு. எல்லாராலயும் தேய்க்க முடியும். மாசக் கடைசியில எதை வச்சுக் கட்டுவாங்கங்கறதுதான் கேள்வி.

11/
நீங்களும் நானும் ஓடிட்டு வந்தா என்ன பண்றோம்? நாலு இட்லி, ஒரு தட்டு சோறு. மாவுச்சத்து குடல்ல சர்க்கரையா உடைஞ்சு ரத்தத்துல ஏறும். தசை அதை எடுத்துக் கிளைக்கோஜனா சேர்த்து வைக்கும். நல்லா சாப்பிட்டா ஏறக்குறைய ஒரு நாள்ல நிரம்பிடும். அதனாலதான் நமக்கு "ஓடினா என்ன, அப்புறம் சாப்பிட்டா சரியாயிடும்"னு தோணுது.

12/
மான் அசை போடற பிராணி. அது தின்கிற மாவுச்சத்தை முதல் இரைப்பையில இருக்கற நுண்ணுயிர்கள் புளிக்க வச்சிடும். சர்க்கரையா குடலுக்கு வந்து சேர்றது ரொம்பக் கொஞ்சம். கிடைக்கறதெல்லாம் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் மாதிரி சிறு அமிலங்கள். இதுல புரோப்பியோனேட்டை முக்கியமா வச்சு, கல்லீரல் உட்கார்ந்து குளுக்கோஸைத் தயாரிக்கணும். கடையில வாங்கற வசதி கிடையாது, எல்லாம் வீட்டுலயே அரைக்கணும்.

13/
அதனால அசை போடற பிராணிகளுக்குத் தசைக் கிளைக்கோஜன் தீர்ந்தா திரும்ப நிரம்ப நாள் கணக்கு ஆகும். மாட்டுல இதை நல்லா அளந்து பார்த்திருக்காங்க. தீவனம் நிறைய போட்டாலே அப்படி. பட்டினியில இன்னும் மோசம்.

இப்ப அந்த ரீல்ல இருக்கற மானுக்கு மார்ச் மாசத்துல என்ன தீவனம்னு பாருங்க.

14/
லைக்கன். பாறை மேலயும் மண் மேலயும் படர்ற, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த ஒரு உயிர். மாவுச்சத்து இருக்கு, புரதம் ரொம்பக் கம்மி. அதுவும் பனிக்கு அடியில. முன்னங்காலால குழி தோண்டித்தான் எடுக்கணும்.

அலாஸ்காவுல ஃபேன்ஸி, வைட்ங்கற ரெண்டு பேர் 1985-ல இதோட செலவை அளந்து வெளியிட்டாங்க. மிருதுவான பனியில காலால ஒரு தடவை தோண்ட ஆகற ஆற்றலை விட, பனி ஸ்கூட்டர் ஓடி இறுகின பனியில தோண்ட சுமார் நாலு மடங்கு ஆகுது. அதாவது நாம வண்டில ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாலே, மானுக்குச் சோத்து விலை நாலு மடங்கு ஏறிடுது.

15/
இந்தக் கஷ்டத்துக்கு மான் உடம்பு ஒரு வழி வச்சிருக்கு. குளிர்காலத்துல அது வளராது. பசியைத் தானே குறைச்சுக்கும். தீவனம் கொட்டி வச்சாலும் கோடையில தின்கிற அளவு தின்னாது. முடிஞ்ச வரைக்கும் அசையாது. படுத்து அசை போடும்.

2023-ல வந்த ஒரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அசை போடும்போதே அதோட மூளையில ஆழ்ந்த தூக்கம் மாதிரியான அலைகள் ஓடுது. எவ்வளவுக்கு எவ்வளவு அசை போடுதோ, அந்த அளவுக்குத் தனியா தூங்கற தேவை குறையுது.

16/
ஆக, "ரெஸ்ட் இல்ல, ஃபுல் மசில்"ங்கறது சுத்தப் பொய். குளிர்காலத்து ரெயின்டீரோட முழு நேரத் தொழிலே ஓய்வும் சிக்கனமும்தான். அதோட உடம்பைப் பார்த்து ஜிம்முக்கு ஏதாவது கத்துக்கணும்னா, தேவையில்லாம அசையாம இருக்கறதைக் கத்துக்கோங்க.

17/
ரீல்ல ஒரு ஸ்லோ மோஷன் ஷாட் இருக்கு. ஓடற மான்களோட வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு. "வேற லெவல்"னு நெருப்பு எமோஜி போட்டிருக்காங்க.

ரெயின்டீர் மூக்குக்குள்ள சுருள் சுருளா மடிப்பு இருக்கு. ஓய்வுல இருக்கும்போது வெளியே போற மூச்சுல இருக்கற சூட்டையும் ஈரத்தையும் அந்த மடிப்புலயே புடிச்சு வச்சுக்கும். வெளிய வர்ற காத்து நல்லா குளிர்ந்துதான் வரும். குளிர்காலச் சிக்கனத்துல இது பெரிய விஷயம்.

18/
ஓடும்போது என்ன ஆகும்? உள்ளே காத்து புகுந்த முடி, அடர்த்தியான குளிர்காலத் தோல். தசையில உண்டாகிற சூடு வெளியே போக வழி இல்ல. கம்பளி போத்திக்கிட்டு மே மாசம் மாடிப்படி ஏற்ற மாதிரி. வேற வழியில்லாம மூக்குச் சிக்கனத்தை விட்டுட்டு வாயைத் திறந்து இளைக்கும். சேர்த்து வச்ச சூடும் தண்ணியும் அப்படியே வெளியே போகும்.

நீங்க நெருப்பு எமோஜி போட்ட அந்தப் புகை, ஒரு பிராணி தன் சேமிப்பைக் கொட்டற காட்சி.

19/
இன்னொண்ணு. "கெத்துப் பசங்க." கொம்பு இருக்கறதால பசங்கன்னு நினைச்சிட்டாரு.

மான் இனத்துல பெண்ணுக்கும் வழக்கமா கொம்பு முளைக்கறது ரெயின்டீருக்கு மட்டும்தான். வளர்ந்த ஆண்கள் இணை சேரும் காலம் முடிஞ்சதும், குளிர்கால ஆரம்பத்துலயே கொம்பை உதிர்த்திடும். பெண்கள் குட்டி போடற மே மாசம் வரைக்கும் வச்சிருக்கும். தோண்டின குழியைக் காப்பாத்திக்க அது உதவுது. அதனால பின்குளிர்காலப் பனியில கொம்போட ஒரு மந்தை ஓடுதுன்னா, நீங்க பார்க்கறது பெரும்பாலும் கர்ப்பிணிகளை.

20/
செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல சேர்க்கை. ஏழரை மாசம் சுமக்கும். மார்ச்சுல கடைசி கட்டம், குட்டி வேகமா வளர்ற நேரம். அந்தக் குட்டிக்குப் புரதம் வேணும். லைக்கன்ல புரதம் இல்ல. எங்கிருந்து வரும்?

தாயோட தசையிலிருந்து. பார்போசா, பார்க்கர் முதலானவங்க செஞ்ச ஆய்வுகள் இதைத் தெளிவா காட்டியிருக்கு. குட்டியோட உடம்புல இருக்கற புரதத்துல பெரும்பகுதி, தாய் போன கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்து வச்ச தன் உடம்புப் புரதம்.

21/
இப்ப கணக்கைப் பாருங்க. மானுக்கு மூணு சேமிப்பு. கிளைக்கோஜன், கைச்செலவுக் காசு. கொழுப்பு, பத்தாயத்துல இருக்கற நெல்லு. தசைப் புரதம், விதைநெல்லு.

துரத்தினா கைக்காசு முதல்ல போகும். அதைத் திரும்பச் சம்பாதிக்க குளுக்கோஸ் வேணும். தீவனம் போதலைன்னா கல்லீரல் எதை வச்சுக் குளுக்கோஸ் செய்யும்? தசைப் புரதத்தை உடைச்சு, அந்த அமினோ அமிலத்தை வச்சு. பயத்துல சுரக்கற கார்டிசால் அதுக்கு வாசலைத் திறந்து விடும்.

விதைநெல்லைக் குத்தித் தின்னுட்டு ஓடுது அந்த மான். வயித்துல குட்டியோட.

22/
"இதெல்லாம் தியரி டாக்டர், ஆதாரம் இருக்கா?" இருக்கு. இறைச்சியே சாட்சி சொல்லுது.

ஒரு பிராணி அமைதியா இருந்து வெட்டப்பட்டா, தசையில மிச்சம் இருக்கற கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமா மாறும். தசையோட பி.எச். 7-க்குப் பக்கத்துலேருந்து சுமார் 5.5 வரைக்கும் இறங்கும். கறி நல்லா இருக்கும், சீக்கிரம் கெடாது. துரத்திப் புடிச்சு வெட்டினா கிளைக்கோஜன் ஏற்கெனவே காலி. அமிலம் உண்டாக ஒண்ணும் இல்ல. பி.எச். 6-க்கு மேலயே நின்னுடும். கறி கறுத்து, வறண்டு, சீக்கிரம் கெட்டுப்போகும்.

23/
ஸ்வீடன்ல இவா விக்லுண்ட் குழு மந்தை ரெயின்டீர்ல இதையேதான் ஆராய்ஞ்சாங்க. சுருக்குக் கயிறு வீசிப் புடிச்ச மான்கள்ல தசைக் கிளைக்கோஜன் குறைஞ்சு, கறியோட பி.எச். ஏறியிருந்தது. நான் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் படிச்சுப் பழகினவன். உயிரோட இருக்கும்போது என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியாத உடம்பு, செத்த பிறகு சொல்லும். இந்த பி.எச். அப்படி ஒரு அறிக்கைதான்.

24/
இப்ப "ஓடிப்போச்சுல்ல"ங்கற வார்த்தைக்கு வர்றேன். எங்க வார்டுல ஒரு பையன். இருபது சொச்சம் வயசு. நண்பர்களோட பந்தயம் போட்டு ஒரே மூச்சுல நூத்துக்கணக்குல உட்கார்ந்து எழுந்திருக்கான். ஜெயிச்சான். கை தட்டினாங்க. நடந்துதான் வீட்டுக்குப் போனான்.

ரெண்டு நாள் கழிச்சுத் தொடை வீங்கி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போகுதுன்னு வந்தான். சி.பி.கே. இருநூறுக்குள்ள இருக்கணும். பல்லாயிரத்துல இருந்துச்சு.

25/
தசை நார் உடைஞ்சு, உள்ளே இருக்கற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து, சிறுநீரகத்தை அடைச்சு நாசம் பண்ற நிலை அது. ராப்டோமயோலிசிஸ். நல்லவேளை சீக்கிரம் வந்தான். பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தித் தேத்தி அனுப்பினோம்.

காட்டு விலங்குகள்ல இதே நோய்க்குத் தனிப் பேரே இருக்கு. துரத்திப் பிடிக்கறதால வர்ற தசைச் சிதைவு. மான் இனங்கள் இதுக்குப் பேர் போனவை. துரத்தினப்ப நல்லா ஓடின பிராணி, சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு எங்கயோ படுத்துச் செத்துப் போகலாம். அதுக்குச் சலைன் ஏத்த யாரும் இல்ல.

26/
ஒவ்வொரு ட்ரோனும் மானைக் கொல்லும்னு நான் சொல்லல. அப்படிச் சொன்னா அது பொய். சொல்றது இவ்வளவுதான்: கேமரா கண்ணுக்கு எட்டற வரைக்கும் ஓடிப்போச்சுங்கறது "நல்லா இருக்கு"ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. என் பையனும் கைத்தட்டலுக்கு நடுவுல நடந்துதான் போனான்.

27/
இப்ப எதிர்த்தரப்போட பலமான வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன். யாராவது கமெண்ட்ல கொண்டு வரத்தான் போறீங்க.

நிக்கோலஸ் டைலர்ங்கற ஆய்வாளர் ஸ்வால்பார்ட்ல வேணும்னே பனி ஸ்கூட்டர்ல மான்களை நெருங்கிப் பார்த்தாரு. 1991-ல வெளியிட்டாரு. ஓடினதால ஆன கூடுதல் செலவு, மானோட ஒரு நாள் மொத்த ஆற்றல் செலவுல ஒரு சதவீதத்துக்கும் கீழதான். "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல!"

28/
அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனா அது எதை அளந்துச்சுன்னு பாருங்க. ஒரு தடவை நெருங்கறது, மான் ஓடி நின்னதோட விட்டுடறது. இடம் ஸ்வால்பார்ட். அங்கே ஓநாய் கிடையாது. 1925-லேருந்து பல பத்தாண்டுகள் வேட்டைக்கே தடை இருந்துச்சு. அந்த மானுக்கு மனுஷன் மேல அவ்வளவு பயம் இல்ல.

தென் நார்வே மலை மான் வேற. பனியுகம் முடிஞ்ச காலத்துலேருந்து மனுஷன் அதை வேட்டையாடறான். பழைய பொறிக்குழிகள் இன்னைக்கும் அந்த மலைகள்ல வரிசை வரிசையா இருக்கு. இப்பவும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் உரிமத்தோட வேட்டை நடக்குது. தூரத்துல ஒரு உருவம் தெரிஞ்சாலே ஓடற மந்தை அது.

29/
அடுத்தது, "ஒரு தடவைதானே." ஓ.பி.யில தினமும் கேக்கற வசனம். ஒரு வேளை மாத்திரை விட்டா என்ன, ஒரு நாள் சர்க்கரை கூடினா என்ன. ஒரு வேளையில ஒண்ணும் ஆகாதுதான். ஆனா மானுக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்களா? காலையில பனிச்சறுக்கு கோஷ்டி, மத்தியானம் நாயோட ஒருத்தர், சாயங்காலம் ட்ரோன். ஒவ்வொருத்தரும் "நான் ஒருத்தன்தானே"ன்னு நினைச்சுட்டுத் திரும்பிப் போறாங்க. பில் மொத்தமும் ஒரே மான் பேர்ல.

30/
"ஓநாய் துரத்தலையா?" நல்ல கேள்வி. ஓநாயும் தசையை வச்சுத்தான் துரத்துது. அதுக்கும் கிளைக்கோஜன் தீரும், அதுக்கும் சூடேறும். கிடைக்காதுன்னு தெரிஞ்சா நிறுத்திடும், ஏன்னா வீண் ஓட்டம் அதோட உயிருக்கும் ஆபத்து. ரெண்டு பக்கமும் செலவு இருக்கற விளையாட்டு அது.

ட்ரோனுக்கு என்ன செலவு? ஹோட்டல் ரூம் பிளக்ல சார்ஜ் போட்டா முடிஞ்சது. கூடவே ஓடறவன் களைக்கவே மாட்டான்னா, அப்படி ஒரு எதிரிக்காக இந்த உடம்பு உருவாகல.

31/
இதை விடப் பெரிய இழப்பு ஓட்டத்துல இல்ல. ஓடிப்போன இடத்துல இருக்கு. நல்ல லைக்கன் இருந்த மேட்டை விட்டு ஓடின மந்தை அங்கே திரும்பி வர மறுக்கும். நார்வேல சுற்றுலா விடுதிகள், குடில்கள், மின்கம்பிப் பாதைகள் பக்கம் மான்கள் கிலோமீட்டர் கணக்குல ஒதுங்கிப் போறதை ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. லைக்கன் அங்கேயே இருக்கு, தின்ன மான் இல்ல. ஒதுங்கின மான்கள் மிச்ச இடத்துல நெருக்கியடிச்சு, அங்கே இருக்கறதை ஒட்ட மேய்ஞ்சிடும். லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

32/
ஒதுங்கறதுக்கு இடம் எங்கே? ஒஸ்லோ–ட்ரோன்ஹெய்ம் ரயில்பாதை 1921-ல டோவ்ரே மலை வழியா திறந்தாங்க. பக்கத்துலயே ஈ6 நெடுஞ்சாலை. ஒரு காலத்துல ரொண்டானேவுக்கும் ஸ்னோஹெட்டா பக்கத்துக்கும் போய் வந்துட்டிருந்த மந்தைகள் இப்ப ரெண்டு தீவுல அடைபட்ட மாதிரி. நார்வேல விடுமுறைக் குடில்கள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல. 2021 சிவப்புப் பட்டியல்ல காட்டு ரெயின்டீரை "அச்சுறுத்தலை நெருங்கும்" இனமா சேர்த்துட்டாங்க. இதுக்கெல்லாம் ட்ரோன் தம்பி காரணம் இல்ல. ஆனா ஏற்கெனவே நெருக்கப்பட்ட வீட்டுக்குள்ளதான் அவரும் நுழையறாரு.

33/
ஸ்வால்பார்ட் பாதுகாப்பான இடம்னு நினைக்காதீங்க. அங்கே குளிர்காலத்துல இப்ப மழை பெய்யுது. மழை பனி மேல விழுந்து உறைஞ்சு கண்ணாடித் தகடு மாதிரி மூடிடும். கீழே தீவனம் இருக்கும், தோண்ட முடியாது. 2019-ல பட்டினியால செத்த 200-க்கும் மேற்பட்ட மான்களை நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தார் கணக்கெடுத்தாங்க. 1994-ல பொறந்த பெண் மான்கள் வளர்ந்த பிறகு ஏப்ரல்ல சராசரி 55 கிலோ இருந்துச்சு. 2010-ல பொறந்தவை 48 கிலோ. இந்த ஏழு கிலோவைத்தான் நாம "ஃபுல் மசில்"னு கொண்டாடிட்டு இருக்கோம்.

34/
ஜிம் போற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. விலங்கு வீடியோ போட்டு "இது பட்டினி கிடக்குது, ஓடுது, நீ ஏன் முடியாதுங்கற"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த விலங்கு எதை எரிச்சு ஓடுது, எதைப் பறிகொடுக்குதுன்னு வீடியோவுல தெரியாது. பந்தயத்துக்காக ஒரே நாள்ல உடம்பை உடைக்காதீங்க. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போனா, தசை தாங்க முடியாம வலிச்சு வீங்கினா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க.

35/
"அப்ப மானைப் பார்க்கவே கூடாதா?" தாராளமா பாருங்க. டோவ்ரேல யெர்கின்ங்கற இடத்துல 2011-ல ஒரு சின்னக் கட்டடம் கட்டினாங்க. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மரப்படிக்கட்டு மாதிரி இருக்கை. குளிருக்கு அடுப்பு. நீங்க உள்ளே உட்கார்ந்து, எதிரே ஸ்னோஹெட்டா மலையையும் நடுவுல இருக்கற வெளியையும் தொலைநோக்கியில பார்க்கலாம். மான் வந்தா வரும், வராட்டி மலை இருக்கு.

36/
நார்வேக்கும் பின்லாந்துக்கும் துருவ ஒளி பார்க்கப் போறவங்க இப்ப நம்ம ஊர்லேருந்தும் இருக்காங்க. ஒஸ்லோ, பெர்கன்ல நம்ம தமிழ்ச் சொந்தங்களும் இருக்காங்க. அவங்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு: பல தேசியப் பூங்காக்கள்ல ட்ரோனுக்குத் தடை இருக்கு. விதியைப் படிச்சிட்டுப் பறக்க விடுங்க. விதி இல்லாத இடத்துலயும் மந்தை மேல விடாதீங்க.

ரெண்டு: மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துச்சுன்னா, நீங்க ஏற்கெனவே அதிகமா நெருங்கிட்டீங்க. நில்லுங்க, உட்காருங்க, மெதுவா பின்வாங்குங்க.

மூணு: மந்தை ஓடுதுன்னா அது ஷாட் இல்ல. நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். அதை அப்லோடு பண்ணாதீங்க.

37/
இந்த ரீலை ஃபார்வேர்டு பண்றவங்களுக்கும் பங்கு இருக்கு. நீங்க போடற ஒவ்வொரு லைக்கும், அடுத்த குளிர்காலத்துல இன்னொருத்தரை ட்ரோனோட அங்கே அனுப்புது. அந்தத் தம்பி கெட்டவர் இல்ல, நாம கை தட்டினதைச் செய்யறாரு. கை தட்டறதை நிறுத்தறது நம்ம கையில இருக்கு.

38/
அந்தக் கமெண்ட் போட்ட பொண்ணுக்கு: நீங்க பார்த்தது சரிதான். அது பயந்துதான் ஓடுச்சு. உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்க யாருக்கும் தசைன்னா என்னன்னு தெரியல. சந்தேகம் வந்தா இனியும் கேளுங்க.

இந்த ரீல் உங்க குரூப்புக்கு வந்தா, இந்த இழையை அதுக்குக் கீழ போடுங்க. திட்ட வேண்டாம். "ஓடிப்போச்சுல்ல"ன்னு யாராவது சொன்னா, "எதைக் கொடுத்து ஓடுச்சு?"ன்னு மட்டும் கேளுங்க.

நாளைக்கு நைட் டியூட்டி, பதில்கள் தாமதமாகும்.